படித்துக் காட்டப்பட்டது, சரி

1

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினான்கு வருடம் முடிகிறது. அதைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டும், பனி கொஞ்சம் இருக்கட்டும், ஊர் நினைப்பு கொஞ்சம் இருக்கட்டும் என்று பத்திரிகை ஆசிரியர் போன மாதமே சொல்லிவிட்டார். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆறு வருடமாக உங்களுக்கு அதைத்தான் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவையும் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், மரியாதை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் நான்கைந்து புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்று சுயசரிதை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் எழுதியது. மனிதர் ஓய்வு பெற்றுவிட்டார், சும்மா இருக்க முடியவில்லை, எழுத்தாளர் ஆகிவிட்டார். 'ஒளிவுமறைவு இல்லாத எழுத்து' என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து ஆசையாகத்தான் பிரித்தேன்.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் தேவராஜ் அண்ணன் வந்தார். பெயர் மாற்றவில்லை, ஊர் மாற்றவில்லை, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற காலனி என்பது வரை போட்டிருந்தது. காலை ஷிப்டுக்கு அவர் குடித்துவிட்டு வந்தாராம். பாதுகாப்புக்கு வைத்த பட்டனைத் தன்னிஷ்டத்துக்குக் கட்டிவிட்டு பிரஸ்ஸை ஓட்டினாராம். வலது கையில் நான்கு விரல் போனதாம். மேனேஜர் அவரை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாராம். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தமாம். அந்தச் சட்டையைத் துவைக்காமல் இன்றுவரை பீரோவில் வைத்திருக்கிறாராம்.

விரல் போனது மட்டும்தான் இதில் உண்மை. தூக்கிக்கொண்டு ஓடியது நானும் வாட்ச்மேனும். மேனேஜரின் காரைக் கேட்டோம், சீட் வீணாகிவிடும் என்றார். தகடு ஏற்றிவந்த லோடு ஆட்டோவில்தான் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். துவைக்காத சட்டையாம்!

புத்தகத்தைச் சுவரில் வீசினேன். அது ஹீட்டரில் பட்டு விழுந்தது. எதிரில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் நிலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா புத்தகத்தை எறிந்து அவள் பார்த்ததில்லை.

2

பிரஸ் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு பட்டனை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் மாட்ட வழியில்லை. அதற்காகவே இரண்டு பட்டன். ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்கு அவர்கள் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பட்டனை அமுக்கியபடியே சைக்கிள் டியூப்பை நறுக்கி இறுக்கிக் கட்டிவிடுவோம். ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகட்டுக்கு. இதற்குக் 'கட்டுப் போடுறது' என்று பெயர்.

அந்த டியூப் துண்டுகள் எங்கே இருக்கும் தெரியுமா? மேனேஜர் மேசையில் இரண்டாவது டிராயரில். ஷிப்ட் தொடங்கும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார். ஆய்வுக்கு யாராவது வந்தால் வாட்ச்மேன் வாசல் மணியை இரண்டு தடவை அடிப்பார். எல்லோரும் அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனதும் மறுபடி கட்டுவோம். கட்டாதவனுக்கு மறுநாள் அந்த பிரஸ் கிடைக்காது, தரையைக் கூட்டுகிற வேலைதான்.

தேவராஜ் அண்ணன் குடிக்கிறவர் இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்காரர். அவருடைய அப்பா அம்மா கூலிக்குப் போன வயலில்தான் எங்கள் கம்பெனி நின்றது. சபையில் அவர்தான் டோலக். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தகடு அடுக்குகிற மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு வாசிப்பார், நாங்கள் ஏழெட்டுப் பேர் சோற்றுக்கையோடு உட்கார்ந்து கேட்போம். அந்த மனுஷனைக் குடிகாரன் என்று எழுத அந்த ஆளுக்குக் கை கூசவில்லை.

3

பதிப்பகத்துக்கு எழுதி மேனேஜரின் நம்பர் வாங்கினேன். புத்தகம் அருமை என்று சொல்லித்தான் வாங்க முடிந்தது. அதுவும் ஒரு பொய், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. என்னை ஞாபகம் இருப்பதாகச் சொன்னார், வெளிநாட்டில் நன்றாக இருப்பதைக் கேட்டு சந்தோஷம் என்றார், பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். அந்தப் பக்கத்தை அடுத்த பதிப்பில் எடுக்க வேண்டும் என்றேன். எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"நான் கற்பனை பண்ணி எழுதல தம்பி. அந்த ஆளோட ஸ்டேட்மென்ட் இன்னும் என்கிட்ட இருக்கு. அது யாரோட கையெழுத்துன்னு நீயே பாத்துக்க."

ஐந்து நிமிடத்தில் போனுக்குப் படம் வந்தது. பழுப்பேறிய முழுத்தாள். குண்டு குண்டாக, சாய்வில்லாத எழுத்து. 'காலையில் மது அருந்திவிட்டு வேலைக்கு வந்தேன். பட்டனை நானே கட்டிக்கொண்டேன். இதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அடியில் இடது கட்டைவிரல் ரேகை. அதற்குக் கீழே, 'மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரி.' சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து. மேலே இருக்கிற குண்டு எழுத்தும் என்னுடையதே.

படம் வந்த கையோடு அவரும் மறுபடி கூப்பிட்டார். "நீ அப்போ எழுதினது பொய்னு இப்போ எழுத்துல குடு. அடுத்த பதிப்புல எடுத்துடறேன். குடுப்பியா?" என்று கேட்டார். நான் போனை வைத்தேன்.

அந்தத் தாளை மறந்தே போய்விட்டேன் என்று எழுதத்தான் முதலில் கை போனது. மறக்கவில்லை. பதினெட்டு வருடமாக அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புத்தகத்தை வீசினபோதும் தெரியும்.

4

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, டிப்ளமோ முடித்து டிரெய்னியாக இருந்தேன். விபத்து நடந்த மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். எழுதினேன். "படிச்சிக் காட்டி கைநாட்டு வாங்கிட்டு வா, உன் பர்மனென்ட் ஆர்டர் மேசை மேலதான் இருக்கு" என்றார். மறைமுகமாகக்கூடச் சொல்லவில்லை. நேராகவே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. வேதாகமத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறவர்தான், ஆனால் கண்ணாடி பிரஸ்ஸடியிலேயே நசுங்கிப்போயிருந்தது, ஊசி மருந்தில் கண்ணும் செருகியது. அவர் வீட்டம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "நீயே படி தம்பி" என்றார் அண்ணன்.

தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். முதல் வரியில் 'மது' என்று இருந்தது. அதை அந்த முகத்தைப் பார்த்து வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை. உடனே வாசிக்க ஆரம்பித்தேன். 'எப்போதும்போல் மேனேஜர் கொடுத்த டியூப்பால் பட்டனைக் கட்டி ஓட்டினேன். எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். தகட்டை எடுக்கக் கை விட்டபோது பிரஸ் இறங்கிவிட்டது. என்மேல் தப்பில்லை.' தாளில் இல்லாததை, தாளைப் பார்த்துக்கொண்டே, ஓர் இடத்திலும் நிற்காமல் வாசித்தேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். அவர் வீட்டம்மா கண்ணீர் விட்டு அழுதார். "நடந்தத அப்டியே எழுதிக்கீற நைனா" என்றார்.

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நான் வாசித்த ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, வேறு சொற்களுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். விரலைத் துணியால் துடைத்தும் விட்டேன்.

மறுவாரம் எனக்கு ஆர்டர் வந்தது. அண்ணனுக்கு வேலை போனது.

5

இங்கே எல்லாவற்றுக்கும் தாள். வேலை அனுமதிக்கு அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். அதே மேனேஜர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கொடுத்தேன். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ஜெர்மனில் மாற்றி, 'முழுமையாகவும் உண்மையாகவும் பெயர்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அந்த முத்திரையின் மேல்தான் நான் இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறேன். மேனேஜர் "குடுப்பியா" என்று கேட்டதும் போனை வைத்ததற்குக் காரணம் அதுதான். மனசாட்சி பேச ஆரம்பித்தது அப்புறம்தான்.

இங்கேயும் நான் பிரஸ்கள் இருக்கிற ஆலையில்தான் வேலை செய்கிறேன், தர ஆய்வாளராக. பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு, கை உள்ளே போனால் இயந்திரம் அந்த நொடியே நின்றுவிடும். மாதத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு விதிகளை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார்கள், கேட்டோம் என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருடம் எனக்கு மொழி வராது. எல்லாவற்றுக்கும் 'யா, யா' என்று தலையாட்டி, ஒரு சொல்லும் புரியாமல் பன்னிரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாசிக்கிறவனை நம்பித்தானே போட்டேன்? ஒருத்தரும் என்னை ஏமாற்றவில்லை. இந்த ஊர் எனக்கு அவ்வளவு நேர்மையாக இருந்தது, அதை நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது.

நிலாவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஒருவரின் பழைய கதையைக் கேட்டு எழுத வேண்டும். தாளில் மூன்று கட்டம்: அவர் பார்த்தது, அவர் கேட்டது, அவர் நினைத்துக்கொண்டது. என்னைத்தான் கேட்டாள். மூன்றையும் குழப்பாமல் சொல்லச் சொன்னாள். என்னால் ஒரு கட்டத்தைக்கூட ஒழுங்காக நிரப்பித் தர முடியவில்லை.

அதோடு விடவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. போனில் இருக்கிற மொழிபெயர்ப்பைப் பிடித்து நான் உங்களுக்கு எழுதிய பழைய குறிப்புகளை வாசித்திருக்கிறாள். 'என் மகள் தினமும் மாலையில் விளக்கேற்றியதும் குறள் சொல்வாள்' என்று நான் எழுதியிருந்தேன். "நான் எப்போ சொன்னான்? வீட்ல விளக்கே இல்லையே அப்பா" என்று கேட்டாள். தன்மை படர்க்கை அவளுக்குத் தகராறு. உண்மை பொய் தகராறில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். குறள் பொய். முதல் பனி விழுந்த அன்று ஊரை நினைத்து அழுதேன் என்று எழுதினேனே, அன்றைக்கு நான் துணி துவைக்கிற கடையில் காணாமல்போன காலுறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டுத் தோணியில் வளர்ந்தவன் என்று எழுதியதும் பொய், எனக்குத் தண்ணீர் என்றால் பயம், நான் வளர்ந்தது தொழிற்பேட்டை லைன் வீட்டில். நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டுக் கண் கலங்கியதாகக் கடிதம் எழுதினீர்கள். நான் வெட்கமில்லாமல் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். சட்டையை பீரோவில் வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

6

சனிக்கிழமை காலை தேவராஜ் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம் கழிந்திருந்தது. எடுத்தது அவர் மகள் எஸ்தர். விபத்தின்போது ஏழு வயது, இப்போது பள்ளிக்கூட டீச்சர். நான் யார் என்று சொன்னதும் அவளாகவே அந்தப் புத்தகத்தைப் பற்றி ஆரம்பித்தாள். கூட வேலை செய்கிற டீச்சர் ஒருத்தி நூற்றுப் பதினேழாம் பக்கத்தைக் கொண்டுவந்து, இது உங்க அப்பாவா என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டாளாம். சபையிலும் இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருவதில்லையாம்.

அண்ணன் போனை வாங்கினார். குரல் அப்படியே இருந்தது. "நைனா, எப்டிகீற? புள்ளைங்க நல்லா கீதா?" என்றார். அந்த ஆள் எழுதியதைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார். லேபர் ஆபீஸில் அந்த வாக்குமூலத்தை வாசித்தபோது அவருக்குத் தலையே சுற்றியதாம், நான் வாசித்த தாளை மேனேஜர் மாற்றிவிட்டார் என்று அங்கேயே சத்தம் போட்டாராம்.

"எம் பொஞ்சாதி ஒன்னத்தான் ஏசிக்கினே இருந்தா. நான்தான் சொல்வேன், அந்தப் புள்ள ஒழுங்காத்தான் எழுதிச்சி, ஒழுங்காத்தான் படிச்சிச்சி, இவனுங்க பேப்பர மாத்திட்டானுங்க, அது இன்னா பண்ணும்னு."

பதினெட்டு வருடம். அந்த வீட்டில் எனக்காக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் சாகும்வரை வாதாடியிருப்பார். விட்டுவிடலாமா என்று ஒரு நொடி எனக்குத் தோன்றவும் செய்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பேப்பரை யாரும் மாற்றவில்லை அண்ணா, எழுதியது ஒன்று, நான் உங்களுக்கு வாசித்தது வேறு என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். பக்கத்தில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது, அது நின்றது, மறுபடி ஓடியது.

"போன வெய்யி" என்றார். வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவரே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நடந்தத எழுது. அந்தாளுக்கும் எழுதிக் குடு, நீ எழுதற பத்திரிகைலயும் போடு. போடறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சிக் காட்டு. ஆனா பேப்பரு எஸ்தர் கையில இருக்கணும். நீ படிக்கிறதும் அதுல கீறதும் ஒண்ணா கீதான்னு அவ பாத்துக்கினே இருப்பா."

7

மேனேஜருக்கு எழுதி, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர் பக்கத்தை எடுப்பாரா, என் சான்றிதழைப் பற்றி யாருக்காவது எழுதிப்போடுவாரா, தெரியாது. எதையாவது செய்துகொள்ளட்டும்.

நீங்கள் இதுவரை படித்த ஆறு பகுதிகளையும் எஸ்தருக்கு அனுப்பினேன். அவள் அச்செடுத்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்தபிறகு, போனில் வாசித்தேன். அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் எனக்குப் பக்கத்தில் நிலா, புரிந்தும் புரியாமலும்.

ஆஸ்பத்திரி இடம் வந்ததும் எஸ்தர் நிறுத்தச் சொன்னாள். அவள் அம்மா ஏதோ சொல்கிறார் என்றாள். பிறகு தானே சொன்னாள்.

"எங்கம்மா அன்னைக்கு அழவே இல்லையாம். நீங்க படிக்கும்போது அவங்க கட்டிலுக்கு அடியில பிளாஸ்க்கைத் தேடிக்கினு இருந்தாங்களாம். அப்பாவுக்குப் பால் குடுக்கறதுக்கு. 'நடந்தத அப்டியே எழுதிக்கீற'ன்னும் சொல்லலயாம்."

அவர் அழுததை நான் பார்த்தேன் என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். நிலாவின் மூன்று கட்டம் ஞாபகம் வந்தது. பார்த்தேனா, நினைத்துக்கொண்டேனா? எனக்குத் தெரியவில்லை. என் துரோகத்துக்கு ஒரு கண்ணீரும் ஒரு பாராட்டும் வேண்டியிருந்திருக்கிறது, நானே செய்துகொண்டிருக்கிறேன். பொய்யை ஒப்புக்கொள்கிற இடத்திலும் புதிதாக ஒரு பொய். இந்தக் கையை என்ன செய்வது? அந்த வரிகளை நீக்கவில்லை. நீங்களும் பாருங்கள் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

வாசித்து முடித்தேன். வேறு எங்கும் எஸ்தர் நிறுத்தவில்லை. கீழே என்ன போட வேண்டும் என்று அண்ணனைக் கேட்டேன்.

"படிச்சிக் காட்டினன்னு போட்டுக்கோ. சரின்னு நீயா போடாத. அத்த நான் சொல்லணும். சொல்லும்போது சொல்றேன்."

மேற்படி குறிப்பு, கவரைப்பேட்டை காலனி தேவராஜ் அவர்களுக்கு, அவர் மனைவியும் மகளும் உடனிருக்க, என்னால் படித்துக் காட்டப்பட்டது.